நாற்பதை நெருங்கும்போது கராத்தே: எந்தப் பாணி, எந்த வகுப்பு?

கேள்வி, 1 மார்ச் 2025

வயது 38. மகன் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறான். அவனைக் கராத்தேயில் சேர்க்கலாம் என்று பக்கத்துச் சமூக மன்றத்துக்குப் போனேன். பெரியவர்களும் சேரலாம் என்றார்கள், எனக்கும் ஆசை வந்துவிட்டது. விசாரித்தால் ஒருவர் ஷோட்டோகான் என்கிறார், இன்னொருவர் கோஜு என்கிறார். அலுவலகத்தில் ஒரு தம்பி கியோகுஷின்தான் அசல், மற்றதெல்லாம் டான்ஸ் என்கிறான். எது உண்மையான கராத்தே? இதுவரை எந்த விளையாட்டும் விளையாடாத நான் எதில் தொடங்கலாம்?

1 மார்ச், இரவு 11.10

பாணியைப் பிறகு பார்க்கலாம். முதலில் வகுப்பைப் பாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன், தொடக்கத்திலிருந்து கடைசி வணக்கம் வரை ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். முன்வரிசையில் கறுப்பு பெல்ட்காரர்கள் உதைப்பதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட வேண்டாம். கண் கடைசி வரிசையில் இருக்கட்டும். போன வாரம் சேர்ந்தவர் அங்கேதான் நிற்பார். அவர் பாதம் எங்கே திரும்பியிருக்கிறது என்று யாராவது வந்து பார்க்கிறார்களா? ஒரு முறை சொல்லிப் புரியாதபோது வேறு விதமாகச் சொல்லித் தருகிறார்களா? முட்டி வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் ஆசிரியர் என்ன செய்கிறார்? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அது எந்தப் பாணியாக இருந்தாலும் சேருங்கள்.

பார்க்க விடமாட்டோம், முதலில் பதிவு செய்யுங்கள் என்று சொல்லும் இடத்தை விட்டுவிடுங்கள்.

நானும் உங்களைப் போலத்தான், மகளைச் சேர்க்கப் போய் நானும் சேர்ந்தவள். இந்த விஷயத்தில் சொல்ல நிறைய இருக்கிறது. வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

2 மார்ச், மாலை 6.45

சரி, பாணிக்கு வருவோம். அலுவலகத் தம்பி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் வரலாறு தெரிந்தால் இந்தக் குழப்பம் பாதி போய்விடும்.

கராத்தே வளர்ந்த இடம் ஒக்கினாவா. இன்று ஜப்பானின் தென்கோடி, அன்று ரியூக்யூ என்ற தனி அரசு. சீனாவின் ஃபூஜியன் கரையோடு அதற்கு நூற்றாண்டுக் கணக்கில் கப்பல் போக்குவரத்து இருந்தது. உள்ளூரில் இருந்த கைச்சண்டையும் ஃபூஜியனிலிருந்து வந்த வித்தைகளும் கலந்து, ஷுரி, நஹா, தோமாரி என்ற ஊர்களில் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டு வளர்ந்தன. சிங்கப்பூரில் நமக்கு ஹொக்கியன் பேசும் அண்டைவீட்டார் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுடைய முன்னோர் புறப்பட்டு வந்த அதே மாநிலம்தான் ஃபூஜியன். இதை எங்கள் வகுப்பில் ஒரு ஹொக்கியன் ஆன்ட்டியிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

பொத்திப் பொத்திச் சொல்லித் தந்துகொண்டிருந்த இந்த வித்தையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒக்கினாவாப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுவந்தவர் இத்தோசு ஆங்கோ. அவருடைய மாணவர்களில் ஒருவர், பள்ளி ஆசிரியரான ஃபுனாகோஷி கிச்சின், 1922இல் தோக்கியோவில் செய்து காட்டினார். அதிலிருந்து வந்தது ஷோட்டோகான். நஹாப் பக்கம் ஹிகாவோன்னா கான்ரியோ, ஃபூஜியனின் ஃபூச்சௌ நகரில் போய்க் கற்றுத் திரும்பினார். அவருடைய மாணவர் மியாகி சோஜுன் உருவாக்கியது கோஜு ரியூ (ரியூ என்றால் பாணி). இத்தோசு, ஹிகாவோன்னா இருவரிடமும் கற்ற மபுனி கென்வா தொடங்கியது ஷிட்டோ ரியூ. ஃபுனாகோஷியிடம் வருவதற்கு முன்பே ஜூஜிட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை தெரிந்தவரான ஓட்சுகா ஹிரோனோரி தொடங்கியது வாடோ ரியூ. கியோகுஷின் இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது. அதைத் தொடங்கியவர் கொரியாவில் பிறந்த மசுதாட்சு ஓயாமா. அவரும் ஃபுனாகோஷியின் பள்ளியிலும் கோஜுவிலும் பயின்றவர்தான்.

ஆக, எல்லாம் ஒரே குடும்பம். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளில் யார் அசல் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

வேறுபாடு இல்லாமல் இல்லை. ஷோட்டோகானில் நிற்கும் நிலை நீளமாக, தாழ்வாக இருக்கும். கோஜுவில் குட்டையான நிலை, கிட்டத்துச் சண்டை, மூச்சுப் பயிற்சி. ஷிட்டோவில் கட்டாக்கள், அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடர்கள், ஏராளம். வாடோவில் விலகி விலகி அடிப்பது. கியோகுஷினில் உடம்பில் முழு வேகத்தோடு அடிக்கலாம், முகத்தில் கையால் குத்தக்கூடாது, காலால் தலையை உதைக்கலாம். 38 வயதில், விளையாட்டுப் பழக்கம் இல்லாமல், மறுநாள் காலை அலுவலகம் போக வேண்டிய ஒருவருக்கு முதல் வருடத்தில் கியோகுஷினை நான் சொல்லமாட்டேன். மற்ற நான்கில் வீட்டுக்குப் பக்கத்தில் எது நல்ல ஆசிரியரோடு இருக்கிறதோ அது.

2 மார்ச், இரவு 10.05

‘வீட்டுக்குப் பக்கத்தில்’ என்று சும்மா எழுதவில்லை. இரண்டு ரயில் மாறிப் போகும் வகுப்பை நிறையப் பேர் மழைக்காலத்தோடு நிறுத்தி விடுகிறார்கள். வேலை முடிந்து நடந்தே போகிற தூரத்தில் இருந்தால்தான் நிலைக்கும்.

5 மார்ச், இரவு 9.50

முதல் சில மாதம் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கால். கால். கால்.

எல்லாரும் கைக்காக வருகிறார்கள். ஆனால் ஆசிரியர் உங்களை முன்னங்கால் மடக்கி, பின்னங்கால் நீட்டி நிற்க வைப்பார். ஜென்குட்சு தாச்சி என்று பெயர். முன்முட்டி நேராகக் கால்விரலுக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்துவிடக்கூடாது, இடுப்பகலம் இடைவெளி வேண்டும். பின்பாதத்தின் வெளி விளிம்பு தரையை விட்டுக் கிளம்பக்கூடாது. புதிதாக வருபவர்களுக்கு அந்த விளிம்புதான் கிளம்பும். சமூக மன்றத்தில் பூப்பந்தாட்டக் கோடு போட்ட தரையில் பயில்கிறீர்கள் என்றால் அந்தக் கோட்டையே பயன்படுத்திக்கொள்ளலாம். கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு கால், வலப்பக்கம் ஒரு கால். நடந்து முன்னே போகும்போது எந்தக் காலும் கோட்டை மிதிக்காமல் இருந்தால் அகலம் சரி.

இதில் நின்றபடி எதிர்க்கைக் குத்து, அதாவது கியாக்கு சுகி. இடக்கால் முன்னே இருந்தால் வலக்கையால் குத்துவது. கை தானாகப் போகக்கூடாது. பின்குதிகால் தரையை அழுத்துகிறது, இடுப்பு கதவு சாத்துவதுபோல் திரும்புகிறது, அதற்குப் பிறகுதான் தோளும் முழங்கையும் முஷ்டியும் வருகின்றன. முஷ்டி இடுப்பில் உள்ளங்கை மேல் பார்த்துக் கிளம்பி, கடைசிச் சில அங்குலத்தில்தான் திரும்ப வேண்டும். அதே நேரத்தில் மற்றக் கை அதே வேகத்தில் இடுப்புக்குப் பின்வாங்க வேண்டும். அந்தப் பின்வாங்கும் கைக்கு ஹிக்கிதே என்று பெயர். எங்கள் சென்செய், அதாவது ஆசிரியர், குத்தும் கையைப் பார்க்கவே மாட்டார், ஹிக்கிதேயைத்தான் பார்ப்பார். அது சோம்பிக் கிடந்தால் குத்தும் சோம்பிக் கிடக்கும்.

இது அலுப்பாக இருக்கும் என்பார்கள். எனக்கு அலுக்கவில்லை. நாள் முழுவதும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த உடம்புக்கு, ஒரு மணி நேரம் குதிகாலை மட்டும் யோசிப்பது அவ்வளவு பெரிய நிம்மதி.

6 மார்ச், காலை 8.15

ரயிலில் இருக்கிறேன், சுருக்கமாக. முஷ்டி பிடிக்க மகனுக்கு இன்றே சொல்லிக் கொடுங்கள். நான்கு விரலையும் நுனியிலிருந்து சுருட்டி உள்ளங்கையில் அடக்க வேண்டும். கட்டைவிரல் வெளியே, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மேல் படிந்திருக்க வேண்டும். கட்டைவிரலை உள்ளே வைத்துக் குத்தினால் அதுதான் முதலில் உடையும். படவேண்டியது அந்த இரண்டு விரலின் பெரிய கணுக்கள். மணிக்கட்டு மடங்காமல் முன்கையோடு நேராக இருக்க வேண்டும்.

முன்னுதையில் கால்விரல்களை மேலே மடக்கி, விரலுக்குக் கீழுள்ள சதைப்பகுதியால் படவேண்டும். விரலை நீட்டி உதைத்துச் சுளுக்கிக்கொள்பவர்கள் நிறைய.

9 மார்ச், பிற்பகல் 3.20

‘கராத்தேயே நம்முடையதுதான், காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனாவுக்குக் கொண்டுபோனது, இதைச் சொல்லாமல் ஒக்கினாவா கதை சொல்கிறீர்களே’ என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். சினிமாவுக்குப் பிறகு இது எல்லா இடத்திலும் வருகிறது. அக்கறையோடு கேட்டிருக்கிறார், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

போதிதர்மரைப் பற்றிக் கிடைக்கும் பழைய சீனக் குறிப்புகள் இரண்டு. 547 வாக்கில் யாங் சுவான்ட்சி எழுதியது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த தான்லின், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர், ஓர் அரசரின் மூன்றாவது மகன் என்கிறார். பல்லவர், காஞ்சி என்பதெல்லாம் இந்த இரண்டாவது குறிப்பை வைத்துப் பின்னால் வந்தவை. இரண்டிலுமே சண்டை வித்தை பற்றி ஒரு சொல் இல்லை. தியானம் மட்டும்தான். ஷாவோலின் துறவிகளுக்கு அவர் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார் என்ற கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் யிஜின் ஜிங் என்ற நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுதி அவர் பெயரில் ஏற்றப்பட்டது. அவர் காலத்துக்கும் அதற்கும் ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி.

தென்னிந்தியாவிலிருந்து ஒருவர் அவ்வளவு தூரம் போய் ஜென் மரபுக்கே முதல்வராக மதிக்கப்படுகிறார் என்றால் அதுவே பெருமைதான். அதோடு குத்தையும் உதையையும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை. நமக்குச் சிலம்பம் இருக்கிறது, குத்துவரிசை இருக்கிறது, வர்மம் இருக்கிறது. இங்கேயே சிலம்பம் கற்றுத் தருகிறார்கள், அதில் சேர ஆசையிருந்தால் தாராளமாகச் சேருங்கள். நம் பிள்ளைகள் அதைக் கற்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். ஆனால் கராத்தேயைக் கற்கும்போது அதை வளர்த்த ஒக்கினாவாக்காரர்களுக்குச் சேர வேண்டிய மரியாதையை அவர்களுக்கே கொடுப்போம்.

12 மார்ச், இரவு 11

நோன்பு மாதம். எங்கள் வகுப்பில் மலாய்க் குடும்பம் ஒன்று, அப்பாவும் இரண்டு பிள்ளைகளும். நோன்பு திறந்துவிட்டு, வகுப்பின் பிற்பாதிக்கு வருகிறார்கள். சென்செய் அந்த மாதம் ஓட்டமும் குதிப்பும் குறைத்து, கட்டாவை மெதுவாகச் செய்ய வைக்கிறார். எல்லாருக்கும் அது நல்லதாகவே இருக்கிறது. நான் முதலில் சொன்ன ‘கடைசி வரிசையைப் பாருங்கள்’ என்பதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள், அவரவர் நிலைமைக்கு ஏற்ப ஆசிரியர் மாற்றுகிறாரா என்று பாருங்கள்.

எங்கள் வகுப்பின் ஹொக்கியன் ஆன்ட்டிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கியாய், அதாவது அடியோடு சேர்ந்து வயிற்றிலிருந்து போடும் சத்தம், அவர் போட்டால் பக்கத்துக் கோர்ட்டில் பூப்பந்து ஆடுபவர்கள் பந்தைக் கீழே விட்டுவிடுகிறார்கள். ஒருவர் எங்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டே விட்டார்.

16 மார்ச், காலை 10.30

கட்டா எதற்கு என்ற கேள்வி. இல்லாத எதிரியோடு எதற்குச் சண்டை?

கராத்தேக்குக் கால் மூன்று. கிஹோன் என்பது அடிப்படை அசைவுகள். கட்டா என்பது அவற்றை ஒரு வரிசையில், திசை மாறி மாறிச் செய்வது. குமித்தே என்பது ஆளோடு ஆள் மோதுவது. ஷோட்டோகானில் சேர்ந்தால் முதலில் வருவது ஹெய்யான் ஷோதான், 21 அசைவு. இத்தோசு பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த ஐந்து கட்டாக்களில் ஒன்று. ஒக்கினாவாவில் அவற்றுக்குப் பினான் என்று பெயர், ஃபுனாகோஷி ஹெய்யான் என்று மாற்றினார். ஷிட்டோவிலும் வாடோவிலும் இன்னும் பினான்தான்.

புதியவருக்கு நான் சொல்வது: முதலில் மனப்பாடம் செய்யுங்கள், பொருள் பிறகு வரும். இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஓரடி முன்னேறிக் குத்து, பின்னால் திரும்பி மறுபடி கீழ்த்தடுப்பு... இப்படிப் போகும். வழி தவறாமல் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிக்கும் நாளில் ஒரு சந்தோஷம் இருக்கிறது பாருங்கள், அதை எழுத்தில் கொண்டுவர முடியாது.

கட்டாவுக்கு இன்னொரு வசதி. தனியாகச் செய்யலாம். நான் புளோக்கின் கீழ்த்தளத்தில், காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் செய்கிறேன். வீட்டுக்குள் குதிக்காதீர்கள், கீழ்வீட்டுக்காரர் பாவம். கீழ்த்தளத்தில் கியாயும் வேண்டாம். மூச்சை மட்டும் விட்டால் போதும்.

16 மார்ச், இரவு 9.15

கொஞ்சம் யோசித்ததில், ‘பொருள் பிறகு வரும்’ என்பது பிள்ளைகளுக்குச் சரி. பெரியவர்களுக்கு முதலிலேயே கொஞ்சமாவது தெரிந்தால்தான் மனம் ஒட்டுகிறது. ஹெய்யான் ஷோதானில் முதல் குத்துக்கும் அடுத்த கீழ்த்தடுப்புக்கும் அப்புறம் ஒரு கை பின்வாங்கி, வட்டமாகச் சுற்றி, மேலிருந்து சுத்தியல்போல் இறங்கும். சும்மா இதை ஆட்டிக்கொண்டு இருந்தேன். ஒருநாள் சென்செய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ‘இப்போது செய்’ என்றார். செய்தேன். பிடி விட்டுவிட்டது. யாரோ கையைப் பிடித்திருக்கிறார்கள், இழுத்து விடுவித்துக்கொண்டு திருப்பி அடிக்கிறோம், அவ்வளவுதான் அந்த அசைவு. இப்படி அசைவைப் பிரித்துப் பொருள் காட்டுவதற்குப் புன்காய் என்பார்கள். வகுப்பைப் பார்க்கப் போகும்போது புன்காய் சொல்லித் தருவீர்களா என்று கேளுங்கள்.

20 மார்ச், இரவு 10.40

உடை. நல்ல கேள்வி, ஏனென்றால் நம் வெயிலுக்கு அது பெரிய விஷயம். முதல் மாதம் உடையே வாங்க வேண்டாம், டி-சட்டையும் தளர்ந்த கால்சட்டையும் போதும். பெரும்பாலான வகுப்புகளில் அனுமதிப்பார்கள். பிறகு மெல்லிய பருத்தி உடையே வாங்குங்கள். தடித்த துணியில் குத்தும்போது ‘டப்’பென்று நல்ல சத்தம் வரும், அதில் மயங்கி வாங்குபவர்கள் உண்டு. இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்தில் அது நனைந்து கனத்துவிடும். பருத்தி சுருங்கும் என்பதால் ஓர் அளவு பெரிதாக எடுங்கள். குளிர்ந்த நீரில் துவைத்து மூங்கில் கழியில் காயப் போடுங்கள், உலர்த்தும் இயந்திரம் வேண்டாம். வகுப்பு முடிந்த உடையைப் பையிலேயே மறுநாள் வரை விட்டுவிட்டால் மஞ்சள் பிடித்துவிடும், வாடையும் போகாது.

வெறுங்காலில் பயில்வதால் நகம் வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், வளையல், தோடு கழற்ற வேண்டும். தாலிக்கொடி போட்டிருப்பவர்கள் உள்ளே மாட்டி ஒட்டுநாடா ஒட்டிக்கொள்கிறார்கள். நான் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகிறேன். அம்மா முதலில் முகம் சுளித்தார், இப்போது அவரே டப்பாவில் போட்டு வைக்கிறார்.

29 மார்ச், மாலை 5

குமித்தே பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாளே யாரும் உங்களை மோத விடமாட்டார்கள். விட்டால் அந்த இடம் சரியில்லை. முதலில் சொல்லிவைத்துச் செய்வது: ‘முகத்துக்கு ஒரு குத்து வருகிறது’ என்று சொல்லிவிட்டு ஒருவர் குத்த, மற்றவர் தடுத்துத் திருப்பி அடிப்பார். தாராளமாக அதிலேயே பல மாதம் போகும்.

இதில் பெரிய பாடம் நிறுத்துவது. முழு வேகத்தில் போன கை தோலுக்கு முன் நிற்க வேண்டும். தோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 7, ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதி. சவூதியின் தாரெக் ஹமீதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதேயைத் தலையில் உதைத்தார், அவர் நினைவிழந்து விழுந்தார். தங்கம் யாருக்கு? விழுந்தவருக்கு. ஹமீதியை அளவுக்கு மீறித் தாக்கியதற்காகத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். அன்று வீட்டில் எல்லாரும் அநியாயம் என்று கத்தினார்கள். எனக்கு ஹமீதிக்காக வருத்தம்தான், வெள்ளியோடு அவர் அழுததைப் பார்த்தேன். ஆனாலும் தீர்ப்பு சரி. அந்த விதி இல்லாவிட்டால் என் மகளையும் உங்கள் மகனையும் எதிரெதிரே நிறுத்த எந்தப் பெற்றோரும் சம்மதிக்க மாட்டோம்.

புள்ளிக் கணக்கு சுலபம். குத்துக்கு 1, உடம்பில் பட்ட உதைக்கு 2, தலைக்குப் போன உதைக்கும், கீழே தள்ளி முடிக்கும் அடிக்கும் 3. அதே ஒலிம்பிக்கில் ஆண்கள் கட்டாவில் தங்கம் வென்றவர் ஒக்கினாவாவின் கியூனா ரியோ. ஒக்கினாவாக்காரர் ஒருவர் ஒலிம்பிக் தங்கம் வென்றது அதுவே முதல் முறை. அவர் கட்டா செய்யும் காணொளியைத் தேடிப் பாருங்கள், டான்ஸ் என்று சொன்ன தம்பிக்கும் காட்டுங்கள். 2024 பாரிஸில் கராத்தே இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலீஸிலும் இல்லை.

பல்காப்பு முதலிலேயே வாங்கிவிடுங்கள். கையுறை, கணுக்கால் காப்பு எல்லாம் ஆசிரியர் சொல்லும்போது வாங்கலாம்.

6 ஏப்ரல், காலை 11.20

தற்காப்பு பற்றி ஒரு தங்கை தனியாகக் கேட்டார், எல்லாருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சில மாதக் கராத்தேயை நம்பி யாரோடும் மோதப் போகாதீர்கள். கராத்தே முதலில் தருவது தூரத்தைப் பற்றிய உணர்வு. ஒருவர் எவ்வளவு பக்கத்தில் வந்தால் கை எட்டும் என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். அப்புறம் குரல். கியாய் போட்டுப் பழகியவர் ரயிலில் எவனாவது உரசினால் வாயடைத்து நிற்கமாட்டார். சத்தம் போட்டு, நகர்ந்து, 999. அதுவே பெரும்பாலும் போதும். இங்கே தண்டனைச் சட்டம் தற்காப்பு உரிமையைத் தருகிறது, ஆனால் தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக்கூடாது என்றும் சொல்கிறது. ஆள் விலகி ஓடிய பிறகு துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பு இல்லை. இதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும், பள்ளியில் ‘எனக்குக் கராத்தே தெரியும்’ என்று கை ஓங்குவதற்கு முன்.

13 ஏப்ரல், இரவு 8.50

பெல்ட். வெள்ளையில் தொடங்கிக் கறுப்புக்கு முன் பழுப்பு வரும். நடுவில் மஞ்சள், பச்சை, நீலம் என்று நிற வரிசை சங்கத்துக்குச் சங்கம் மாறும். தொடங்குபவர்களின் படிகளுக்குக் கியூ என்று பெயர், எண் இறங்கிக்கொண்டே வரும். கறுப்புக்குப் பிறகு வரும் படிகளுக்கு ‘தான்’ என்று பெயர், எண் ஏறும். இந்த முறை ஜூடோவிலிருந்து வந்தது. உடையும் அப்படித்தான்.

ஒவ்வொரு கிரேடிங்குக்கும், அதாவது அடுத்த பெல்ட்டுக்கான தேர்வுக்கும், கட்டணம் உண்டு. மாதக் கட்டணம் மலிவாக இருக்கிறதே என்று சேர்ந்து, பிறகு கிரேடிங், சான்றிதழ், உறுப்பினர் சந்தா, ‘கட்டாய’ முகாம் என்று வரிசையாக வந்தால் கஷ்டம். எல்லாவற்றையும் கூட்டி ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று சேரும்போதே கேளுங்கள். மகளுக்காக நான் முதலில் விசாரித்த ஓர் இடத்தில் முழு வருடப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டச் சொல்லி, இத்தனை மாதத்தில் கறுப்பு பெல்ட் நிச்சயம் என்றார்கள். பிள்ளை எப்படி நிற்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை. கறுப்பு பெல்ட்டுக்குத் தேதி குறித்துக் கொடுப்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள். ஒழுங்காகப் போனாலும் அது வருடக்கணக்கில் ஆகும்.

27 ஏப்ரல், மாலை 4.10

மகனைப் பற்றி அதிகம் எழுதாமல் விட்டேன். தொடக்கநிலை இரண்டு நல்ல வயது. வகுப்பில் விளையாட்டுபோல் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் ‘கட்டா செய்து காட்டு’ என்று விருந்தாளிகள் முன்னால் நிறுத்தாதீர்கள். என் மகளை அப்படி நிறுத்திய அத்தை ஒருவர் இருந்தார், அவர் வருகிறார் என்றாலே அவள் அறைக்குள் போய்விடுவாள்.

தொடக்கநிலை ஆறில் இறுதித் தேர்வு என்று நிறையப் பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். என் மகளும் அந்த வருடம் நிறுத்தினாள், பிறகு திரும்பவில்லை. உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகப் பறையொலி மாதிரி அதிரும் தாளக்குழு ஒன்றில் சேர்ந்துவிட்டாள், அதில் மிகச் சந்தோஷமாக இருக்கிறாள். நான் மட்டும் தொடர்கிறேன். நிறுத்தாமல் வாரத்துக்கு ஒரு வகுப்புக்காவது அனுப்பியிருக்கலாமோ என்று சில சமயம் தோன்றும், அவளுடைய தாளத்தைக் கேட்கும்போது அந்த எண்ணம் போய்விடும். நீங்கள் இருவருமே சேர்கிறீர்கள் என்றால் அவன் விட்டாலும் நீங்கள் விட வேண்டாம்.

18 மே, காலை 9.40

நீங்கள் ஷிட்டோ ரியூ வகுப்பில் சேர்ந்துவிட்டீர்கள் என்று பார்த்தேன், ரொம்பச் சந்தோஷம். முட்டி வலிக்கிறது என்கிறீர்களே, முன்முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். கால்விரல் பார்க்கும் திசையிலேயே முட்டியும் பார்க்க வேண்டும். திரும்பும்போது பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு முட்டி மட்டும் சுழன்றாலும் வலிக்கும், பாதத்தையும் சேர்த்துத் திருப்புங்கள். நிலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வதில் தவறே இல்லை, தாழ்வு பிறகு வரட்டும். காற்றில் குத்தும்போது முழங்கையைக் கடைசிவரை நீட்டிச் சொடுக்காதீர்கள், துளி மடக்கி நிறுத்துங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். சென்செய் நல்லவராகவே இருந்தாலும் அவர் மருத்துவர் இல்லை.

20 மே, இரவு 10.15

கடைசியாகக் கேட்டது, மகனுடைய மூக்குக் கண்ணாடி. இந்த ஊரில் பாதி வகுப்பு கண்ணாடிதான், கவலை வேண்டாம். கிஹோனுக்கும் கட்டாவுக்கும் பின்னால் பட்டி போட்ட கண்ணாடி போதும். குமித்தே போட்டியில் கண்ணாடி அணிய விடமாட்டார்கள், மென்மையான கண்வில்லை அணியலாம், அதுவும் நம் பொறுப்பில். அவன் வயதுக்கு அது இப்போது தேவையில்லை. எங்கள் வகுப்பில் சின்னப் பிள்ளைகள் மோதும் நேரத்தில் கண்ணாடிகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பெயர் எழுதிப் போட்டு வைக்கிறோம். ஒரே மாதிரி நீலச் சட்டம் நாலு பேருக்கு இருந்ததால் பெயர் ஒட்டாமல் முடியவில்லை. உங்கள் சென்செய்யிடமும் சொல்லிப் பாருங்கள்.